நைனாவோட பூட்டுக்கடை, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டு – நம்ம ஊர் ஆளுங்க கொஞ்சம் ஐடியா குடுங்க

லாங்பஜார்காரன்:
வணக்கம் மக்களே. நம்ம கடை வேலூர் லாங் பஜார் பக்கத்து சந்துல, பூட்டு சாவி ரிப்பேர். தாத்தா பிளாட்பாரத்துல ஒரு ஸ்டூலும் வைஸும் போட்டு ஆரம்பிச்சது, நைனா 1983ல சின்ன ரூம் புடிச்சு போர்டு வச்சாரு. போர்டுல இன்னும் வட ஆற்காடு மாவட்டம்னுதான் கீது, 1989ல ஒரு தடவ பிரிச்சாங்க, 2019ல இன்னொரு தடவ பிரிச்சாங்க, நைனா ரெண்டு தடவையும் பெயிண்டர கூப்பிடல. நான் காலேஜ் முடிச்சதுல இருந்து கடைலதான், கார் சாவி புரோகிராமிங், கேமரா போடறது எல்லாம் நான் பாத்துக்கறேன், அரம் புடிக்கற வேலை அவரு. இப்ப சர்க்கரைல கண்ணு மங்கிடுச்சு, நீயே பாத்துக்கடான்னுட்டாரு.

கேக்க வேண்டியது ரெண்டு. ஒன்னு, லோன் போட்டு மெயின் ரோட்ல பெரிய கடையா எடுத்து முழுக்க செக்யூரிட்டி சிஸ்டம்ஸ்னு மாத்தலாமா, இல்ல சாவி வேலையும் வச்சிக்கணுமா. ரெண்டாவதுதான் தூக்கம் வராத மேட்டர். நைனா கடை தொறந்த நாள்ல இருந்து நோட்டு எழுதினு வராரு. நீளமா மடிக்கற கணக்கு நோட்டு இருக்கும்ல, அது. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கீது. ஒவ்வொரு வரியிலயும் பேரு, தெரு, பூட்டு என்ன கம்பெனி, எத்தன லீவர் (பூட்டுக்குள்ள சாவி தூக்கற தகடு), கடைசில வரிசையா ஆறு நம்பர் ஏழு நம்பர். அந்த நம்பர்தான் சாவி பல்லோட உயரம். அத வச்சி பிளாங்க்ல, அதாவது பல்லு வெட்டாத சாவில, அரம் போட்டா சாவி ரெடி, பூட்ட கழட்டவே வேணாம். வீடு, கடை, சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜுங்களோட மாஸ்டர் சாவி, எல்லாம் கீது. தம்பி இன்னா சொல்றான்னா மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்து, இதான் நம்ம சொத்துன்றான். எனக்கு அந்த பெட்டிய பாத்தாலே வயித்த கலக்குது. வெச்சிக்கறதா, கொளுத்தறதா?

குடியாத்தம்கோபி:
பெட்டிய எங்க வீட்ல வைங்க ப்ரோ, பத்திரமா பாத்துக்கறேன். ஹி ஹி.

பாகாயம்வாசி:
கோபி, இது சிரிக்கற விஷயம் இல்ல. நான் தொழில்காரன் இல்ல, வீட்டுக்காரன். 2000 வாக்குல எங்க வாசக்கதவு பூட்டுக்கு லாங் பஜார்லதான் சாவி அடிச்சோம், அதே பூட்டுதான் இன்னிக்கும் தொங்குது. அந்த நம்பர் எங்கயோ ஒரு நோட்டுல இருக்குன்னு இப்பதான் தெரியுது. எங்கள யாரும் கேக்கவே இல்லையேங்க. உங்க நைனா நல்லவரா இருப்பாரு, ஆனா நோட்ட தூக்கற கை எல்லாம் நல்ல கையா இருக்குமா?

வாலாஜாபெரியவர்:
தம்பி, மொதல்ல உங்க நைனாவுக்கு ஒரு கும்பிடு சொல்லு. நான் வாலாஜாபேட்டை, எங்க அப்பா காலத்துல இருந்து இதே தொழில், இப்ப பையன் உக்காந்துகினு கீறான், நான் காலைல போய் ஒரு டீ குடிச்சிட்டு ரெண்டு குறை சொல்லிட்டு வரேன்.

லோன் பத்தி அப்பறம். இந்த தொழில்ல காசு எங்க இருந்து வந்துச்சுன்னு பாரு. எழுபதுகள்ல அப்பா பாத்தது டிரங்குப் பெட்டி, சைக்கிள் பூட்டு, சேட்டு கடை இரும்புப் பெட்டி. அந்த இரும்புப் பெட்டில சில பெட்டிக்கு சாவி ஓட்டையே வெளிய தெரியாது, முன்பக்கம் வரிசையா ரிவிட் குமிழ் இருக்கும், அதுல ஒன்னுதான் நவுரும், அதுக்கு பின்னாடி ஓட்டை. பெட்டிக்காரரு செத்துட்டா பசங்களுக்கு எந்த குமிழ்னு தெரியாது, அப்பாவ கூப்பிடுவாங்க. அவரு ஒடனே தொட மாட்டாரு, கொஞ்ச நேரம் தடவி தடவி பாத்துகினே இருப்பாரு, ஒடனே தொறந்துட்டா கூலி குடுக்க மனசு வராதுன்னு சொல்லுவாரு. அப்பறம் இரும்பு பீரோ வந்துச்சு, கல்யாணத்துக்கு கல்யாணம் ஒரு பீரோ. எங்க பக்கம் ராணிப்பேட்டை சிப்காட் வந்ததால கம்பெனி வேலை, உங்களுக்கு லாட்ஜு. அப்பறம் பைக்கு. இப்ப சிப்பு வச்ச கார் சாவி. எதுவும் ஒரு தலைமுறைக்கு முழுசா சோறு போட்டது கெடையாது, ஒன்னு தேயறதுக்குள்ள இன்னொன்ன புடிச்சிகினோம், அவ்ளோதான். அதனால சாவி வேலைய விடாத. ஒரு சாவிக்கு என்னாத்த பெருசா கெடைக்கப் போவுது, ஆனா சாவி அடிக்க வர்றவன்தான் நாளைக்கு கேமராவுக்கும் போன் பண்றவன்.

போனுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பிரிஞ்சப்போ வைஸு, டூப்ளிகேட் மெஷினு எல்லாம் பிரிச்சோம், பிளாங்க் சாவிய தராசுல போட்டு பித்தளை தனியா இரும்பு தனியா கிலோ கணக்குல பிரிச்சோம். ஒரு வார்த்தை சண்டை வரல. போன் நம்பர்லதான் வந்துச்சு. பழைய லேண்ட்லைனு, முன்னாடி ஒரு 2 சேத்தாங்களே அப்ப போர்டு போர்டா போய் 2 எழுதினோம். ஊர்ல பாதி பீரோவுக்கு கதவு உள்பக்கம் எங்க ஸ்டிக்கர், எல்லாத்துலயும் அந்த நம்பர். நம்பர் யாரு கையிலயோ கடை அவனுது. பெரிய மனுஷங்கள வெச்சி பேசியும் தீரல. கடைசில எங்க அம்மா, போன் என் ரூம்ல இருக்கட்டும்டான்னாங்க. அவங்களே எடுப்பாங்க, ஒரு வேலை பெரியவனுக்கு, அடுத்தது சின்னவனுக்கு. கார் வேலை வந்தா மட்டும் கொஞ்சம் சின்னவன் பக்கம் சாய்வாங்க, நான் கண்டுக்க மாட்டேன். அவங்க போற வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு.

அதனால உன் தம்பி சொத்துன்னு சொல்றது தப்பு இல்ல, ஆனா சொத்து அந்த ஆறு நம்பர் இல்லப்பா. பேரும் தெருவும்தான். யாரு வீட்டுக்கு எத்தன தலைமுறையா போறோம்ன்ற கணக்கு. பல்லு நம்பர கிழிச்சி போட்டுட்டு பேர வெச்சிக்கோ.

காட்பாடிகேமரா:
பெரியவர் சொன்னது சரிதான் ஆனா கிழிக்கறதாவது வெச்சிக்கறதாவது, கொளுத்துங்க ப்ரோ. நானும் ஃபீல்டுல இருக்கேன், காட்பாடில சிசிடிவி மட்டும். லோன் மேட்டருக்கு என் அனுபவம் சொல்றேன்.

கேமரா விக்கறதுல மார்ஜின் செத்துப்போச்சு. ஆன்லைன்ல ரேட்ட பாத்துட்டு வந்து அதே ரேட்டுக்கு குடு, வேலை ஃப்ரீயா பண்ணு ன்றாங்க. அதுவும் 2025 ஏப்ரல்ல இருந்து பாதுகாப்பு சோதனை பண்ணி சான்று வாங்குன மாடல்தான் விக்கணும்னு மத்திய அரசு விதி, குடோன்ல பழைய ஸ்டாக் வெச்சிருந்தவன் எல்லாம் மாட்டிகினான். அதனால லோன் எடுத்து ஸ்டாக் அடுக்காதீங்க, சத்தியமா சொல்றேன். காசு நிக்கறது ஏஎம்சில. வருஷத்துக்கு இவ்ளோன்னு பேசிக்கிட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ போய் லென்ஸ் தொடச்சி, கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டிய பாத்து, ஹார்ட் டிஸ்க் ஓடுதான்னு பாத்து வர்றது. நம்ம ஊர் வெயில்ல மொட்ட மாடி தகர ஷெட்டுல டிவிஆர், அதாவது ரெக்கார்டு பண்ற பெட்டி, வெச்சா அக்னி நட்சத்திரம் தாண்டாது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்ல போட்டீங்கன்னா இன்னும் மோசம், அந்த அழுகுன முட்ட நாத்தம் இருக்கே, அந்த கேஸு செம்ப கறுப்பாக்கி சாப்பிட்டுடும், கேமரா ஒயர் சொருவுற பிஎன்சி முனைய கழட்டி பாத்தா கரி புடிச்ச மாதிரி இருக்கும். அங்க எல்லாம் ஜாயிண்ட்ட மூடுன பாக்ஸ்ல வெச்சி சீல் பண்ணணும், அந்த கூலிய மொதல்லயே கேட்டுடணும்.

கஸ்டமர்ங்க கேக்கற கேள்வி எத்தன நாள் ரெக்கார்டு நிக்கும்னு. ரெண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்னு செகண்டுக்கு 2 மெகாபிட்னு வெச்சா நாலு கேமராவுக்கு 8, அதாவது செகண்டுக்கு ஒரு மெகாபைட், ஒரு நாளைக்கு 86 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்ல பதினோரு நாள் சொச்சம்தான். ஒரு மாசம் நிக்கும்னு சொல்லி வித்துட்டு போறவன் இருக்கான், திருட்டு நடந்து மூணு வாரம் கழிச்சி பாக்கறப்போதான் தெரியும்.

இப்ப நோட்டு மேட்டர். உங்க நைனா எழுதுன மாதிரி நோட்டு என் மொபைல்லயும் இருந்துச்சு. போட்ட டிவிஆர் எல்லாத்தோட அட்மின் பாஸ்வேர்டு. ஃபீல்டுல பாதிப் பேரு எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் போடுவான், கஸ்டமர் மறந்துட்டா சுலபம்னு. ஆப்பையும் அவன் மெயில் ஐடிலயே ரெஜிஸ்டர் பண்ணி வெச்சிருப்பான். அதாவது நீங்க ஹால்ல உக்காந்து சாப்பிடறத கேமரா போட்ட பையன் அவன் ரூம்ல இருந்து பாக்கலாம். பூட்டு சாவிக்காவது கள்ளச்சாவி எடுத்துகினு நேர்ல வரணும், இதுக்கு அது கூட வேணாம்.

பாகாயம்வாசி:
ஐயய்யோ. எங்க வீட்டு கேமரா யாரு மெயில்ல இருக்குன்னு இப்ப பாக்கணுமே.

காட்பாடிகேமரா:
பாருங்க சார். டிவிஆர்ல யூசர் லிஸ்ட் தொறந்து அட்மின் தவிர வேற யாரு இருக்காங்கன்னு பாருங்க, ஆப்புல டிவைஸ் ஷேரிங் பாருங்க, பாஸ்வேர்ட நீங்களே மாத்தி பீரோல எழுதி வைங்க. நான் இப்ப கஸ்டமர் கையால டைப் பண்ண வெச்சிட்டு திரும்பி நின்னுக்கறேன். மறந்துட்டா ரீசெட் பண்ண தனி சார்ஜ், அதுவும் வருமானம்தான!

ஆம்பூர்மருமகள்:
நான் பூட்டுக்கடை வீட்டுக்கு மருமகளா வந்தவ, கணக்கு, ஜிஎஸ்டி, போன் மூணும் என்கிட்ட. ஆம்பளைங்க யாரும் எழுத மாட்டீங்க, அதனால நான் எழுதறேன்.

எங்க மாமனாருக்கும் இதே பழக்கம், யாரு வீட்டு பூட்டு என்னன்னு எல்லாம் தெரியும், யாரு எவ்ளோ பாக்கின்னு மட்டும் தெரியாது. லாட்ஜுக்காரங்க மாசக் கடைசின்னு சொல்லி வருஷக் கடைசி வரைக்கும் இழுப்பாங்க, இவரு போய் கேக்க கூச்சப்படுவாரு. நான் வந்து பண்ணுன மொத வேலை பில்லு. பூட்டுக்கும் 18 சதவீதம், மாட்டற கூலிக்கும் 18 சதவீதம், ரிஜிஸ்டர் ஆன கடைன்னா பில்லு இல்லாம குடுக்காதீங்க, கம்பெனிக்காரங்க பில்லு இல்லன்னா ஏஎம்சி பேசவே மாட்டாங்க. பெரிய கடை எடுக்கறதுக்கு முன்னாடி தம்பி, வெளிய நிக்கற பாக்கிய ஒரு தாள்ல எழுதி பாருங்க, லோனே தேவைப்படாது.

ரெண்டாவது, கதவு தொறக்கற ரிஜிஸ்டர். வீட்டு கதவு பூட்டிக்கிச்சு தொறங்கன்னு போன் வந்தா ஆதார் பாக்கணும், அட்ரஸ் அந்த வீடுதானான்னு பாக்கணும், வாடகைன்னா வீட்டுக்காரர போன்ல புடிக்கணும், பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தர நிக்க வெச்சி கையெழுத்து வாங்கணும். நைட்டு பதினொரு மணிக்கு இதெல்லாம் கேட்டா சண்டைக்கு வருவாங்க. வரட்டும். ஒரு தடவ புருஷன் பொண்டாட்டி சண்டைல புருஷன் வந்து வீடு என் பேர்லதான் இருக்கு தொறந்து குடுன்னு நின்னாரு, ஆதாரும் சரியா இருந்துச்சு. பக்கத்து வீட்டம்மாதான் உள்ள அந்த பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்து இருக்குன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் டூல் பாக்ஸ தூக்கினு திரும்பி வந்துட்டாரு. பக்கத்து வீட்ட கேக்காம இருந்திருந்தா?

நோட்டுக்கு வரேன். ஸ்கேன் பண்ணாதீங்க. 2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் பேப்பர்ல இருக்கறதுக்கு வராது, அதையே டிஜிட்டலா மாத்துனா அதுக்குள்ள வந்துடும். உங்க தம்பி சொல்றத செஞ்சா இல்லாத தலவலிய நீங்களே காசு குடுத்து வாங்கற மாதிரி. லாட்ஜ் பக்கத்தெல்லாம் தனியா எடுத்து அந்தந்த ஓனர் கிட்ட குடுத்து கையெழுத்து வாங்கிடுங்க.

லாங்பஜார்காரன்:
அக்கா, பெரியவரே, எல்லாருக்கும் நன்றி. சட்ட மேட்டர் தம்பிக்கு படிச்சி காட்டினேன், கொஞ்சம் அடங்கிட்டான்.

லாட்ஜு பக்கத்தை குடுக்கறதுல ஒரு சிக்கல். பாபு ராவ் தெரு பக்கம் எல்லாம் கல்கத்தால இருந்து அஸ்ஸாம்ல இருந்து ட்ரீட்மெண்ட்டுக்கு வர்றவங்க மாசக்கணக்குல தங்குவாங்க, சமையல் எல்லாம் ரூம்லயே, ஊருக்கு போறப்போ ரூம் சாவியும் பையோட போயிடும். ரெண்டு நாள் கழிச்சி ஹவுரால இருந்து போன் வரும். ஓனருங்க புது பூட்டு வாங்க மாட்டாங்க, நாங்க பூட்டுல சாவி நுழையற சிலிண்டர கழட்டி மொத மாடி சிலிண்டர மூணாவது மாடில, மூணாவது மாடி சிலிண்டர மொத மாடில மாட்டி விடுவோம், போன சாவி வேற எந்த ரூமுக்கு சேரும்னு அந்த ஆளுக்கு தெரியாதில்ல. நைனா இப்படி எத்தனயோ வருஷமா சுத்தி சுத்தி மாத்தி இருக்காரு. இப்ப எந்த சிலிண்டரு எந்த ரூம்ல இருக்குன்னு நோட்டுல மட்டும்தான் கணக்கு கீது. ஓனர் கிட்ட குடுத்தா ரிசப்ஷன்ல தூக்கி போட்டுடுவாரு, அங்க ஆறு மாசத்துக்கு ஒரு பையன் மாறுவான்.

வாலாஜாபெரியவர்:
சிலிண்டர் மாத்தறது நல்ல யுக்தி. ஆனா மாஸ்டர் சாவி போட்ட லாட்ஜுல ஜாக்கிரதை. சிலிண்டருக்குள்ள சாவி பல்லு தூக்கற குட்டி கம்பிதான் பின்னு, மாஸ்டருக்காக அந்த பின்னுக்கு நடுவுல ஒரு சின்ன துண்டு சேப்போம் இல்ல, ஒரு துண்டு சேத்தா ரெண்டு உயரத்துல வெட்டும், அஞ்சு பின்லயும் சேத்தா ரெண்டு ரெண்டா பெருக்கி முப்பத்திரெண்டு விதமான சாவி அந்த ஒரு பூட்ட தொறக்கும். பக்கத்து ரூம் சாவி தற்செயலா சேந்துடும். துண்ட ரெண்டு பின்னோட நிறுத்திக்கணும்னு அப்பா சொல்லுவாரு.

குடியாத்தம்கோபி:
பெரியவரே நான் லாட்ஜ்ல தங்கறதையே விட்டுடறேன்.

பேட்டைஹவில்தார்:
ஜெய்ஹிந்த். நமக்கு கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு மிலிட்டரி இருக்கற ஊரு. நானும் பென்ஷன் வந்தப்பறம் செக்யூரிட்டி ஆளுங்க சப்ளை பண்றேன். லாங்பஜார் தம்பி, செக்யூரிட்டி சிஸ்டம்ஸ்னு போர்டு மாட்டுனா மறுநாளே நாலு பேரு வந்து வாட்ச்மேன் கெடைக்குமான்னு கேப்பாங்க. கமிஷன் ஆசைல சரின்னுடாதீங்க. ஆள் குடுக்கணும்னா 2005 சட்டப்படி லைசென்ஸ் வேணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், ஆளுங்களுக்கு 160 மணி நேரம் ட்ரெய்னிங், போலீஸ் வெரிபிகேஷன், பிஎஃப், ஈஎஸ்ஐ. எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு ட்ரெய்னிங் கம்மி. கேமரா, பூட்டு மாட்டறதுக்கு இந்த லைசென்ஸ் வராது. அதனால அத நீங்க பாருங்க, ஆள் வேணும்னா எங்க மாதிரி லைசென்ஸ் இருக்கறவன் கிட்ட அனுப்புங்க.

அப்பறம் எல்லாரும் பூட்டு பூட்டுன்றீங்க. 2021 டிசம்பர் தோட்டப்பாளையம் நகைக்கடை மறந்துடுச்சா? பூட்ட எவன் தொட்டான்? பின்பக்க சுவத்துல ஓட்டை போட்டு உள்ள வந்து, சிங்க முகமூடி மாட்டிகினு, கேமரா மேல ஸ்ப்ரே அடிச்சிட்டு கிட்டத்தட்ட 15 கிலோ நகை எடுத்துட்டு போனான். கொஞ்ச நாள்லயே போலீஸ் ஒடுகத்தூர் சுடுகாட்டுல பொதைச்சி வெச்சத எடுத்துட்டாங்க, அது அவங்க தெறமை.

காட்பாடிகேமரா:
ஹவில்தார் சார் கரெக்ட். அந்த வாரம் எனக்கு வந்த போனுக்கு கணக்கே இல்ல, எல்லாரும் இன்னும் நாலு கேமரா போடுன்னாங்க. கேமரா நடந்தத காட்டும், நடக்கறத நிறுத்தாது. சுவத்துக்கு வைப்ரேஷன் சென்சார் போடுங்க, ட்ரில்லு வெச்சாலே சைரன் அடிக்கும், ஓனர் போனுக்கு கால் போகும்னு சொன்னா அது எவ்ளோன்னு கேட்டுட்டு யோசிச்சி சொல்றேன்னுட்டு போயிடுவாங்க. லாங்பஜார் ப்ரோ, நகைக்கடை அடகுக்கடை எல்லாம் உங்க நைனா கஸ்டமரா இருப்பாங்க இல்ல, இந்த சென்சார் வேலைய அவங்க கிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா விக்க வந்திருக்கான்னுதான் பாப்பாங்க.

லாங்பஜார்காரன்:
இன்னொரு கூத்து சொல்றேன். நேத்து சும்மா இருக்காம, நோட்டுல எங்க வீட்டு பழைய பீரோ நம்பர் இருந்துச்சு, அத வெச்சி பித்தளை பிளாங்க்ல அரம் போட்டு பாத்தேன். ஆறு பல்லு, நம்பர் பாத்து பொறுமையா ராவுனேன், வெர்னியர் வெச்சி அளந்தேன். உள்ள போச்சு, திரும்பல. ஒரு லீவர் கூட சரியா தூக்கல. நைனா கட்டில்ல படுத்துகினே சத்தத்த கேட்டுட்டு சிரிக்கறாரு. "நெஜ நம்பர எழுதி வெப்பனாடா?"

ஜவுளிக்கடைல வாங்குன வெலைய எழுத்துல எழுதி வெப்பாங்களே, அந்த மாதிரி இவரும் ஒரு கணக்கு வெச்சி மாத்தி மாத்திதான் எழுதி இருக்காரு. கணக்கு அவரு மண்டைல மட்டும். அம்மாவுக்கே தெரியாது. தாத்தா சொல்லி குடுத்ததாம், நோட்டு கடைல இருக்கும் கணக்கு வீட்டுல இருக்கணும்னு. இப்ப கேக்கறாரு, உனக்கு சொல்லட்டுமா வேணாமா?

பாகாயம்வாசி:
உங்க நைனா கால தொட்டு கும்பிடணும்ங்க. கணக்க கேக்காதீங்க, அவரோடயே போகட்டும். நாங்க நிம்மதியா தூங்கறோம்.

வாலாஜாபெரியவர்:
இல்ல தம்பி, கேட்டுக்கோ. வீட்டு சாவிக்கு இல்ல. சேட்டு கடை இரும்புப் பெட்டி, கோயில் உண்டியல் பொட்டி, பழைய மிராசு வீட்டு பெட்டகம், இதெல்லாம் சாவி தொலைஞ்சா ட்ரில்லு போட்டுதான் ஒடைக்கணும், ஒடைச்சா அந்த மாதிரி பெட்டி திரும்ப வராது. வீட்டு பூட்டுல பாதி இந்நேரம் மாத்தி இருப்பாங்க, அந்த நம்பரு செத்த நம்பர்.

காட்பாடிகேமரா:
பெரியவரே, மாத்தாத பாதி? சார் இப்பதான சொன்னாரு அதே பூட்டுதான் தொங்குதுன்னு. கணக்கு ஒருத்தருக்கு தெரிஞ்சா அப்பறம் தம்பிக்கு தெரியும், அப்பறம் தம்பி மச்சானுக்கு தெரியும். எனக்கு ஒத்துக்கல.

ஆம்பூர்மருமகள்:
கணக்கு ஒன்னுதான், பெட்டிக்கு தனி வீட்டுக்கு தனின்னு இல்லையே. அப்ப வீட்டுப் பக்கத்த மொதல்ல எரிச்சிட்டு அப்பறம் கேட்டுக்கலாமே. வரிசைய மாத்தாதீங்க தம்பி.

லாங்பஜார்காரன்:
அக்கா சொல்றது எனக்கு புடிச்சிருக்கு. நைனா கிட்டயும் சொன்னேன், ம் னு மட்டும் சொன்னாரு. எரிக்கறதுக்கு முன்னாடி பேரு, தெரு, வருஷம் மட்டும் நான் வேற நோட்டுல எழுதிகினு வரேன், அவரு பக்கத்துல உக்காந்து இவரு பையன் துபாய்ல, இந்த வீட்ட வித்துட்டாங்க, இவங்க காசு குடுக்கல, இந்தம்மா மோரு குடுப்பாங்கன்னு சொல்லினே வராரு. ஒரு நோட்டு முடிக்கவே நாள் ஆவுது. சந்துல கடை அங்கயே இருக்கட்டும், லோன் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். போர்டுல மட்டும் கீழ சிசிடிவி, வைப்ரேஷன் சென்சார்னு ஒரு வரி சேக்கறோம்.

இன்னொன்னு பெரியவர கேக்கணும்னு இருந்தேன். கோர்ட்டு அமீனா வந்து வீடு காலி பண்ற வேலைக்கு பூட்டு ஒடைக்க கூப்பிடறாங்க, பேங்க் ஜப்திக்கும் கூப்பிடறாங்க. கூலி நல்லா கெடைக்குது. நைனா ஒரு நாளும் போனது இல்ல. நான் போலாமா?

வாலாஜாபெரியவர்:
போகலாம், தப்பு இல்ல, சட்டப்படிதான் நடக்குது. ஆனா ஆர்டர்ல பூட்ட ஒடைக்கலாம்னு எழுதி இருக்கான்னு நீயே படிச்சி பாரு, ஒரு காப்பி வாங்கி வெச்சிக்கோ, போலீஸ் வந்தப்பறம்தான் டூல எடு. உன் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் மட்டும் போகாத, வேற ஆள கை காட்டி விட்டுடு. ஜப்தி ஆன வீட்டம்மா நாளைக்கு உன் கடை தாண்டித்தான் மார்க்கெட் போகணும். எங்க அண்ணன் ஒரு தடவ போய்ட்டு வந்து, அந்த தெருவுல அப்பறம் ஒரு சாவி கூட அடிக்கல.

பேங்க் லாக்கர் வேலைன்னா வேற. சாவி தொலைஞ்சிடுச்சுன்னு கஸ்டமர் வந்து கேட்டா தொடாத, பேங்க் கிட்ட கஸ்டமர் சாவிக்கு டூப்ளிகேட் கெடையாது, அவங்களே லாக்கர் கம்பெனி டெக்னீஷியன கூப்பிட்டு கஸ்டமர் எதிர்லயே ட்ரில்லு போட்டு தொறந்து பூட்டு மாத்துவாங்க, செலவு கஸ்டமருது.

குடியாத்தம்கோபி:
சரி எனக்கு ஒரு டவுட்டு, நெஜமான டவுட்டு. அக்கா வீட்டுல ஸ்மார்ட் லாக் போட்டாங்க, கைரேகை வெச்சா தொறக்கும். நேத்து பேட்டரி தீந்துபோச்சு, எல்லாரும் வெளிய. கூட ஒரு சாவி குடுத்தாங்களே அது எங்கன்னு கேட்டா வீட்டுக்குள்ள பீரோலன்றாங்க.

காட்பாடிகேமரா:
ஹாஹா, வாரத்துக்கு ஒரு போன் இது. பூட்டுக்கு கீழ் பக்கம் பாருங்க, நிறைய மாடல்ல ரெண்டு சின்ன புள்ளி இல்லன்னா டைப் சி ஓட்டை இருக்கும். புள்ளின்னா 9 வோல்ட் சதுர பேட்டரி வாங்கி அதுல தொட்டுகினே கைரேகை வைங்க, ஓட்டைன்னா பவர் பேங்க் சொருவுங்க. தொறந்ததும் மொத வேலையா அந்த சாவிய அம்மா வீட்டுல குடுத்து வைங்க.

பாகாயம்வாசி:
நானும் ஒன்னு கேட்டுக்கறேன். வாசக்கதவு பழைய பூட்ட மாத்திட்டேன், இந்த இழைய படிச்சப்பறம் மனசு கேக்கல. புதுசு சிலிண்டர் லாக், ஒரு மாசத்துலயே சாவி இறுக்கமா போகுது. தேங்காண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன், ஒரு நாள் நல்லா இருந்துச்சு, இப்ப இன்னும் மோசம்.

வாலாஜாபெரியவர்:
சார், எண்ணெய் விட்டா தூசி புடிச்சி பின்னு எல்லாம் பசையாயிடும். நம்ம ஊர் தூசிக்கு கேக்கவே வேணாம். லாங்பஜார் தம்பி கடைக்கு எடுத்துகினு போங்க, பெட்ரோல்ல கழுவி கிராஃபைட் பவுடர் ஊதி குடுப்பாரு. அவசரம்னா பென்சில் சீவுன கரிய சாவி மேல தடவி நாலு தடவ விட்டு எடுங்க, கடைக்கு போற வரைக்கும் ஓடும்.

லாங்பஜார்காரன்:
வாங்க சார், ஞாயித்துக்கிழம லீவு, மத்த நாள் காலைல பத்து மணில இருந்து இருப்பேன். நோட்டுல எழுத மாட்டேன்.